லாரிக் கோளாறும் கருவியின் சாட்சியமும்

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் உரிய இப்பத்திரிகையில் லாரி எஞ்சினைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பொங்கலூரில் கோவை–திருச்சி நெடுஞ்சாலையோரம் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதுமானது. நூற்பாலையிலிருந்து கோன் நூல் வருவதும், விசைத்தறிக் கூடங்களிலிருந்து காடாத் துணி போவதும், திருப்பூர்ப் பனியன் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகம் சேர்வதும், நம் தோட்டத்துத் தேங்காயும் சின்ன வெங்காயமும் தக்காளியும் வெளியூர்ச் சந்தை ஏறுவதும் லாரியால்தான். லாரி நின்றால் இரண்டாம் நாள் தறி நிற்கும். தக்காளி இரண்டாம் நாள் வரையும் காத்திராது.

அன்றியும், நம் அங்கத்தினரிற் பலர் இன்று லாரிச் சொந்தக்காரர்கள். பத்து லாரி வைத்து நடத்துகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்குப் பட்டறை உண்டு, ஆள் உண்டு. தோட்டத்தை ஈடு வைத்தோ தறியை விற்றோ ஒரே ஒரு லாரி வாங்கி, தாமே ஓட்டியும் மகனை ஓட்டச் செய்தும் மாதத் தவணை கட்டி வருகிறாரே, அவரைப் பற்றியே இங்குச் சொல்ல வந்தேன். கடன் தவணை தவறியோர் பட்டியலைப் புரட்டும் வேலை எனக்கு. காரணம் கேட்டால், மழை பொய்த்தது என்பதற்கும் நூல் விலை ஏறியது என்பதற்கும் அடுத்தபடியாக இப்போது காதில் விழும் பதில், “வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது” என்பதுதான்.

முற்காலத்து டீசல் எஞ்சினில் கோளாறு என்றால், புகையின் நிறத்தைப் பார்த்து, சத்தத்தைக் காதால் கேட்டு, பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். பம்பும் நாசிலும் இரும்பால் ஆனவை. அவற்றின் குற்றமும் இரும்பிலேயே தெரியும். அந்த நிலை மாறிற்று. புகை வரம்பு விதிகள் 2017 ஏப்ரல் முதல் நாடு முழுதும் பி.எஸ். 4 என்றும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்றும் இறுக்கப்பட்டபின், எஞ்சினை நடத்துவது ஓட்டுநரின் கால் அன்று, ஈ.சி.யூ. எனப்படும் ஒரு சிறு கணினிப் பெட்டி. எத்தனை சூடு, எத்தனை அழுத்தம், எத்தனை சுற்று என்பவற்றைச் சென்சார்கள் அதற்குச் சொல்கின்றன. டீசலை எந்தக் கணத்தில், எந்த அளவு பீய்ச்சுவது என்பதை அது தீர்மானிக்கிறது. ஏதேனும் ஒன்று வரம்பு மீறினால் ஓட்டுநர் முன்னே ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்டிக்குள்ளே ஓர் எண் பதிவாகிறது. அந்த எண்ணை வெளியே எடுத்துக் காட்டும் கருவிதான் பட்டறைகளில் ஸ்கேனர் என்று வழங்குவது.

இக்கருவியைக் குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் நம் பக்கத்தில் உலவுகின்றன. ‘இது வந்த பிறகு மெக்கானிக்குக்கு மூளை வேண்டியதில்லை, சொருகினால் கோளாற்றைச் சொல்லிவிடும்’ என்பது ஒன்று. ‘இதெல்லாம் கம்பெனிக்காரன் பணம் பறிக்கும் வித்தை’ என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. முந்தியதே அதிகச் செலவு வைக்கும் தவறு.

நான் பட்டறைத் தொழில் கற்றவன் அல்லேன். கணக்குப் புத்தகம் பார்ப்பவன். ஆயினும் இந்தக் கருவி செய்யும் வேலை எனக்கு நன்கு பழக்கமான ஒன்றாகவே படுகிறது. சங்கத்தின் ரொக்க இருப்பும் பேரேடும் ஒவ்வவில்லை என்று தணிக்கைக் குறிப்பு எழுதுகிறோம். குறிப்பு சொல்வது அவ்வளவே. கூட்டலில் பிழையா, ரசீது ஒன்று பதிவாகாமல் விட்டுப்போயிற்றா, கையாடலா என்பதை அது சொல்லாது. குறிப்பு வந்த அன்றே காசாளரை வேலை நீக்கம் செய்யும் நிர்வாகக் குழுவை என்னென்போம்? கோடு வந்த மாத்திரத்தில் பம்பைக் கழற்றும் மெக்கானிக்கும் அதையேதான் செய்கிறார்.

கனரக வாகனங்களின் கோளாற்றுக் குறியீடு பெரும்பாலும் அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் வகுத்த ஜே 1939 என்ற முறையைச் சார்ந்தது. அதில் இரண்டு எண்கள் வரும். முதலாவது எண் எந்த உறுப்பைப் பற்றிய பேச்சு என்பதைக் குறிக்கும். இரண்டாவது, என்ன விதமான குற்றம் என்பதைக் குறிக்கும். எண் 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம். அதனுடன் 1 என்று வந்தால், சென்சார் ஒழுங்காகவே பேசுகிறது, ஆயில் அழுத்தம் உண்மையிலேயே அபாயமாகக் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும், இல்லையேல் கிராங்க் ஷாஃப்ட் போய்விடும். அதே 100உடன் 4 என்று வந்தால், சென்சார் கம்பியில் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்றுதான் பொருள். ஆயில் சரியாக இருக்கலாம். கம்பி உரசித் தோல் உரிந்து சேசிசில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 3 என்றால் மின்னழுத்தம் கூடுதல். 5 என்றால் கம்பி அறுந்தது போன்ற நிலை. முன்னது ஓர் எஞ்சினின் உயிர். பின்னவை ஒரு சாண் இன்சுலேஷன் டேப்பில் முடியக்கூடிய விவகாரம். இரண்டாவது எண்ணைப் படிக்காமல், “ஆயில் சென்சார் கோடு வந்திருக்கிறது, மாற்றிவிடலாம்” என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அங்கத்தினர்கள் வேறொன்றும் கற்காவிட்டாலும், கோடு என்ன என்று கேட்கும்போது இரண்டு எண்களையும் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வார்களாயின் அதுவே பெரிய லாபம்.

சில வண்டிகளில் ‘பி’ என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களுமாகக் கோடு வரும். பி 0087 என்பது அவற்றுள் ஒன்று. டீசல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். இதனால் நேர்ந்த ஒரு சம்பவத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் வட்டாரத்து அங்கத்தினர் ஒருவரின் லாரி, சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போயிற்று. சமவெளியில் குறையொன்றும் இல்லை. சேலம் தாண்டித் தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் இழுவை குன்றி, விளக்கு எரிந்து, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தது. வழியில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். மேற்சொன்ன கோடு வந்தது. உயர் அழுத்த பம்பு போய்விட்டது என்று முடிவு கூறி, பம்பை மாற்றினார்கள். இரண்டு மாதத் தவணைக்குச் சமமான தொகை ஒரே நாளில் போயிற்று. வெங்காயம் வேறு வண்டிக்கு மாற்றப்பட்டதில் வாடகையும் போயிற்று. திரும்பி வரும் வழியில், லோடு ஏற்றிய பிறகு, அதே விளக்கு, அதே கோடு. ஊருக்கு வந்து, வயதில் மூத்த ஓர் உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் குழாயின் நடுவே ஒரு சாண் கண்ணாடிக் குழாயை இணைத்து எஞ்சினை ஓடவிட்டார். அதில் டீசலோடு காற்றுக் குமிழிகள் வரிசையாகப் போயின. குழாயின் இணைப்பில் ஒரு வாஷர் தேய்ந்திருந்தது. அதன் விலையை எழுதினால் அச்சுக்கூலிக்குக்கூடக் காணாது.

இதில் கருவி பொய் சொல்லவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றது, போதவில்லைதான். ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் ஏறவேண்டிய அழுத்தம் ஏறாமற் போவதற்குக் காரணங்கள் பல. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். உறிஞ்சும் பக்கம் காற்றுப் புகலாம். டேங்கில் தண்ணீர் இருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று உள்ளே கசிந்து, வந்த டீசலை எல்லாம் ரிட்டர்ன் குழாயில் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொள்ளலாம். சென்சாரே தவறாகக் காட்டலாம். கடைசியில், பம்பும் தேய்ந்திருக்கலாம். விவரம் அறிந்தவர் மலிவானதும் எளிதானதும் எதுவோ அதிலிருந்து தொடங்கி மேலே போவார். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிப் புட்டியில் விட்டு, ஒரே நேரத்தில் எந்தப் புட்டி அதிகம் நிறைகிறது என்று பார்த்தால் கசிகிற இன்ஜெக்டர் தானே அகப்படும். இந்தச் சோதனைக்குத் தேவை நான்கோ ஆறோ புட்டிகள்.

கருவியிலேயே இதற்கு உதவும் பகுதிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோர் குறைவு. கோடு பதிவான கணத்தில் எஞ்சின் என்ன சுற்று ஓடியது, எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்பவற்றைப் பெட்டி ஒரு படம்போல் பிடித்து வைத்திருக்கிறது. கோளாறு ஏற்றத்தில் லோடோடு வந்ததா, நின்றபடி ஓடும்போது வந்ததா என்பதை அது காட்டிவிடும். மற்றும், கணினி கேட்ட அழுத்தம் இவ்வளவு, கிடைத்த அழுத்தம் இவ்வளவு என்று ஓடும்போதே அருகருகே காட்டும் பக்கமும் உண்டு. இவற்றைப் பாராமல் முதற்காரியமாகக் கோட்டை அழித்துவிட்டு, “விளக்கு அணைந்துவிட்டது, போய் வாருங்கள்” என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டோடு அந்தப் படமும் அழிந்துபோகிறது. தணிக்கைக்கு முந்திய இரவில் ரொக்கப் புத்தகத்தின் தாளைக் கிழிப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தோன்றவில்லை.

பாட்டரியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லாரியில் 24 வோல்ட். பாட்டரி தளர்ந்தோ எர்த் வயர் துருப்பிடித்தோ இருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் சரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழெட்டுக் கோடுகள் ஒரே மூச்சில் பதிவாகும். அத்தனை உறுப்பும் ஒரே நாளில் கெடுவது நடவாத காரியம். அப்போது கையில் எடுக்கவேண்டியது ஸ்பானர் அல்ல, மல்டிமீட்டர். கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயரையும் மல்டிமீட்டரால் சோதிக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் கோடியிலுள்ள ரெசிஸ்டர் ஒன்றோ அதற்குச் செல்லும் வயரோ அறுந்திருக்கிறது என்று அறியலாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் மீட்டர் இதைச் சொல்லும்.

யூரியா விஷயம் விவசாயிகளான நம் அங்கத்தினர்களை நேராகத் தொடுவதால் இதையும் எழுதுகிறேன். பி.எஸ். 6 லாரிகளின் புகைக்குழாயில் தூய யூரியா 32.5 சதவீதம் கலந்த நீர் பீய்ச்சப்படுகிறது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அது மாற்றிவிடுகிறது. பயிருக்கு மானிய விலையில் கிடைக்கும் யூரியாவைக் குடத்தில் கரைத்து ஊற்றினால் சிக்கனம் என்று சிலர் எண்ணுகிறார்கள். வயல் யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணெயும் இதர அழுக்கும் ஊசிமுனை போன்ற துவாரத்தை அடைக்கின்றன, கோடு வருகிறது, பெட்டி எஞ்சினின் இழுவையைத் தானே குறைத்துவிடுகிறது. பிறகு ஸ்கேனர் மேல் குற்றம் சொல்வதில் பயன் என்ன? மானிய யூரியாவை வயலுக்கன்றி வேறு காரியத்துக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றமுமாகும். உரம் விநியோகிக்கும் நம் சங்கங்களின் மூட்டைக் கணக்கில் இதன் நிழல் விழக்கூடாது என்பது இலாகாவைச் சேர்ந்தவன் என்ற முறையில் என் தனிக் கவலை.

இனி, கம்பெனிக்காரரைப் பற்றிய புகாருக்கு வருவோம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண ஸ்கேனர் கோட்டைப் படிக்கும், எழுதாது. புதிய இன்ஜெக்டர் போட்டால் அதன்மீது பொறித்திருக்கும் எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற வண்டிகளில், கம்பெனியின் சொந்தக் கருவியும் கடவுச்சொல்லும் இல்லாமல் காரியம் நடவாது. வண்டி பொங்கலூரில் நின்றால், கோவை வரை கட்டி இழுத்துச் செல்லும் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது என்பதை அறியும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி இதில் எழுகிறது.

இக்கேள்வி நம் நாட்டில் முன்பே விசாரிக்கப்பட்டது. கார்க் கம்பெனிகள் உதிரிப் பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் தங்கள் ஏஜெண்டுகளுக்கு மட்டுமே தந்து, வெளிப்பட்டறைகளுக்கு மறுக்கின்றன என்று 2011இல் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்து, பாகங்களும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யும்படி உத்தரவிட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அது கார்களைப் பற்றிய வழக்கு, லாரிகளைப் பற்றியதன்று. எனினும் அந்தப் பதினான்கில் லாரி செய்யும் கம்பெனிகளும் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் 2012ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பினாலேயே இவ்வுரிமை சட்டமாயிற்று. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில், பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது; விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அதன் ஆலோசனையில் சேர்க்கப்பட்டன. தனி ஆள் கேட்டால் கம்பெனி காது கொடுக்காது. ஐம்பது லாரிக்காரர்கள் ஒரு சங்கத்தின் பெயரால், இன்ன மாடலுக்கு இன்ன விவரம் வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டால், பதில் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் அந்தக் கடிதமே ஓர் ஆதாரமாகும்.

ஆகவே, இவ்வட்டாரத்துச் சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து பொதுவில் ஒரு நல்ல கருவி வாங்கலாம் என்பது என் யோசனை. இது என் சொந்த அபிப்பிராயமேயன்றி இலாகாவின் அபிப்பிராயம் அன்று என்பதையும் குறித்துவிடுகிறேன். சங்கத்துக்கு ஒன்றாக வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். பன்முக சேவை மையம் என்ற திட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் டிராக்டரும் சரக்கு வண்டியும் வாங்கியதையும், தேவை பாராமல் வாங்கச் சொல்கிறார்கள் என்று 2023இல் பணியாளர்களே போராட்டத்தில் இறங்கியதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும்: அங்கத்தினர்களிடம் உள்ளவை அசோக் லேலண்டா, டாடாவா, ஐஷரா, பாரத் பென்ஸா, எத்தனை வண்டி, எந்த வருஷத்து மாடல். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவி பல கனரக வண்டிகளில் பேசவே பேசாது. எல்லாக் கம்பெனி லாரிகளையும் படிக்கும் கருவியோ லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேலும், அதன் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புது மாடல்களை அது அறியாது. முதல் ஆண்டு ஆர்வத்தில் வாங்கி, மூன்றாம் ஆண்டு சந்தா கட்டாமல் அலமாரியில் பூட்டிய கருவிக்குத் தேய்மானம் எழுதும் வேலையை எனக்குத் தரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துணைவிதிகளில் இத்தகைய சேவைக்கு இடமில்லாத சங்கம், திருத்தம் செய்துகொண்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.

கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையாவது ஆளுக்கு ஒதுக்குவது அவசியம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்த அங்கத்தினர் பிள்ளைகள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் பேக்கிங் செய்துகொண்டு இருக்கிறார்கள். அவர்களில் இருவரை எடுத்து, கண்ணாடிக் குழாய் வைத்துக் குமிழி பார்த்த அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்குக் கருவி படிக்கத் தெரியும். பெரியவருக்கு எஞ்சின் தெரியும். ஒருவரை விட்டு ஒருவர் வேலை செய்யும்வரை அங்கத்தினர் பணம் பம்புக் கடைக்குத்தான் போகும். சோதனைக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். ஆனால் பாகங்களை விற்பதில் சங்கம் இறங்கக்கூடாது. கோளாறு சொல்பவனே பாகமும் விற்றால், சொல்லும் கோளாறு பெரிதாகிக்கொண்டே போகும்.

இதற்கு ஒரு பதிவேடும் வேண்டும். தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், கோட்டின் இரண்டு எண்கள், அப்போதைய லோடும் வேகமும், செய்த சோதனைகள், மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கலம் போதும். இரண்டு ஆண்டு எழுதி வந்தால், இன்ன மாடலில் இன்ன கோடு வந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது எந்தக் கம்பெனிப் புத்தகத்தையும் விடத் தெளிவாக நம் பதிவேட்டிலேயே கிடைக்கும். வலது ஓரத்தில் ஒரு கலத்தை மட்டும் அன்று நிரப்பாமல் காலியாக விட வேண்டும். ஒரு மாதம் கழித்து வண்டிக்காரரைக் கேட்டு, அதே கோடு திரும்ப வந்ததா இல்லையா என்பதை அதில் சிவப்பு மையில் எழுத வேண்டும்.